சொர்க்கவாசல் தெருவில் ஒரு வீடு

வியன்னாவில் கார்ன்ட்னர் தெரு என்று ஒரு கடைத்தெரு இருக்கிறது. ஊருக்கு வருகிற எல்லாரும் ஒரு தடவையாவது அதில் நடந்துவிடுவார்கள். அதிலிருந்து கிழக்கே பிரிகிற சந்துகளில் ஒன்றின் பெயர் ஹிம்மெல்ஃபோர்ட்காசெ. பெயரைப் பிரித்துத் தமிழில் சொன்னால் சொர்க்கவாசல் தெரு. வைகுண்ட ஏகாதசிக் கூட்டமெல்லாம் கிடையாது. முன்பு அந்தப் பெயரில் ஒரு கன்னிமாடம் அங்கே இருந்தது, 1783இல் பேரரசர் இரண்டாம் ஜோசப் அதை மூடிவிட்டார், பெயர் மட்டும் தெருவுக்குத் தங்கிவிட்டது. அந்த மடத்துக் கதை ஒன்று வியன்னாவில் இன்றும் சொல்கிறார்கள்: வாயிற்காவலுக்கு இருந்த கன்னிகாஸ்திரி ஒருத்தி சாவியை மாதா சிலையின் காலடியில் வைத்துவிட்டு வெளியே ஓடிப்போகிறாள், பல வருடம் கழித்து நொந்துபோய்த் திரும்பி வந்தால் அவள் போனதே யாருக்கும் தெரியவில்லை, அத்தனை நாளும் மாதாவே அவள் உருவில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தச் சிலை இப்போது ஸ்டீபன் தேவாலயத்தில் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது அந்தத் தெருவின் 8ஆம் எண் வீட்டைப் பற்றி. 2016 டிசம்பரில், விறைக்கிற குளிரில், பெல்வெடியர் அரண்மனைத் தோட்டத்தையே இன்னொரு சுற்றுச் சுற்றலாம் என்று அடம்பிடித்த நண்பனை இழுத்துக்கொண்டு அங்கே போனேன்.

"எங்கடா அரண்மனை?"

"முன்னாடிதான் நிக்குது."

"இதுவா? ஏதோ கவர்மென்ட் ஆபீஸ் மாதிரில்ல இருக்கு."

அவன் வாய்போன போக்கில் சொன்னது அப்படியே உண்மை. 1848 தொடங்கி 150 வருடத்துக்கும் மேல் அது ஆஸ்திரியாவின் நிதி அமைச்சகமாகத்தான் இருந்தது. ஆனால் அதைக் கட்டியவர் சவோய் இளவரசர் யூஜின். பெல்வெடியரைக் கட்டிய அதே ஆள். பெல்வெடியர் அவருடைய கோடைக்கால வீடு, இது குளிர்கால வீடு. சுற்றுலாப் பேருந்துகள் எல்லாம் கோடை வீட்டுக்குத்தான் போகின்றன. எனக்கு இரண்டில் எது பிடிக்கும் என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். யூஜின் பிறந்தது 1663இல், பாரிஸில். அம்மா ஒலிம்பியா மன்சினி, பிரான்ஸையே ஆட்டிவைத்த கார்டினல் மஸரானின் அக்காள் தங்கை மகள்களில் ஒருத்தி. பையன் குள்ளம், ஒல்லி, பார்க்கவும் சுமார். ஆண்பிள்ளைகளில் கடைசி வேறு, அதனால் தேவாலயத்துக்கு நேர்ந்துவிட்டார்கள். அவனுக்கோ படையில் சேர ஆசை. 1683இல் பதினான்காம் லூயியிடம் போய்த் தனக்கு ஒரு படைப்பிரிவு வேண்டும் என்று கேட்டான், ராஜா முடியாது என்று சொல்லிவிட்டார். பிற்பாடு அவருடைய தளபதிகள் இதே பையனிடம் எத்தனை தோல்வி வாங்கினார்கள் என்று பார்த்தால், பிரெஞ்சு வரலாற்றிலேயே இவ்வளவு விலை கொடுத்த 'முடியாது' அதிகம் இருக்காது.

அந்த வருடம்தான் ஒட்டோமான் படை வியன்னாவை முற்றுகையிட்டது. யூஜினின் அண்ணன் ஒருவர் ஆஸ்திரியப் படையில் இருந்து அந்தப் போரிலேயே இறந்துபோயிருந்தார். இருபது வயதுகூட நிரம்பாத பையன் கையில் காசில்லாமல் பாரிஸிலிருந்து கிளம்பிப் பேரரசர் முதலாம் லியோபோல்டிடம் போய் நின்றான். செப்டம்பர் 12 அன்று வியன்னா முற்றுகையை உடைத்த போரில் அவனும் இருந்தான். டிசம்பரில் ஒரு குதிரைப்படைப் பிரிவு கிடைத்தது. பத்தே வருடத்தில், 1693இல், ஃபீல்ட் மார்ஷல்.

இனி 'அவர்' என்றே சொல்லலாம், ஏனென்றால் அடுத்து அவர் செய்தது எந்த ஊரானாலும் வேலை கிடைத்தவர்கள் செய்கிற அதே காரியம்: வீட்டுமனை பார்த்தது. 1694இல் ஹிம்மெல்ஃபோர்ட்காசெயில் ஒரு பழைய வீட்டை வாங்கினார்.

இந்த இடத்தில் அன்றைய வியன்னாவின் கிடப்பு தெரிந்தால்தான் மற்றது புரியும். ஊர் என்பது கோட்டைச் சுவருக்கு உள்ளே இருந்த சின்ன வட்டம், அவ்வளவுதான். சுவருக்கு வெளியே பீரங்கிக்கு மறைப்பு இருக்கக்கூடாது என்று விட்டுவைத்த வெட்டவெளி, அதற்கும் அப்பால் புறநகர்கள். முற்றுகையின்போது எதிரிக்கு ஒளிய இடம் கிடைக்கக்கூடாது என்று அந்தப் புறநகர்களை வியன்னாக்காரர்களே கொளுத்திவிட்டார்கள். போர் முடிந்து பயம் தெளிந்ததும் பிரபுக்களுக்குக் கட்டட வெறி பிடித்தது. வெளியே காலியாகக் கிடந்த நிலத்தில் தோட்ட அரண்மனைகள். உள்ளே, பேரரசரின் கண்ணில் படுகிற தூரத்தில், நகர அரண்மனைகள். வெளியே இடத்துக்குப் பஞ்சமில்லை, தோட்டம், குளம், நீரூற்று என்று எதையும் பரப்பலாம். உள்ளே ஒவ்வொரு முழமும் இன்னொருவன் வீட்டை வாங்கி இடித்தால்தான் கிடைக்கும். தெருவை அகலப்படுத்தவும் முடியாது.

ஆக ஒரு பரோக் கட்டடக் கலைஞருக்கு இதைவிடச் சோதனையான மனை வாய்க்காது. அந்தக் காலத்து ஐரோப்பியப் பாணியான பரோக் என்றாலே பிரமாண்டம், வளைவு, தூரத்தில் இருந்து வருகிறவனை அசத்துவது. இங்கே தூரமே இல்லை. எதிர்வீட்டுச் சுவரில் முதுகை ஒட்டி நின்றால்கூட முகப்பு முழுசாகக் கண்ணில் விழாது. நான் நின்று பார்த்தேன், ஃபோனை நெட்டுக்குத்தலாகவும் கிடையாகவும் திருப்பித் திருப்பி எடுத்தும் ஒரு படம் உருப்படியாக வரவில்லை. அந்தக் காலச் செப்புத்தகட்டு அச்சுப் படங்களில் மட்டும் அந்த வீட்டுக்கு எதிரே பெரிய மைதானமே இருப்பதுபோல் வரைந்திருக்கிறார்கள், குதிரை வண்டிகள் ஹாயாகத் திரும்புகின்றன. விளம்பரப் படத்தில் வீட்டைப் பெரிதாகக் காட்டுகிற பழக்கம் நேற்று வந்ததில்லை.

முதல் கலைஞர் யோஹன் பெர்னார்ட் ஃபிஷர் ஃபான் எர்லாக். கிராஸ் நகரத்துக்காரர், ரோமில் சிற்பி பெர்னீனியைச் சுற்றி இருந்த வட்டத்தில் பல வருடம் வேலை கற்றுத் திரும்பியவர். அவர் ஏழு சன்னல் வரிசை அகலத்துக்கு முகப்பை வகுத்தார். அவர் செய்த தந்திரம் என்னவென்றால், தெருவின் குறையையே கணக்கில் எடுத்துக்கொண்டது. எதிரே நின்று பார்க்க முடியாத முகப்பில் நடுப்பகுதியை வெளியே துருத்தியோ பெரிய தூண் மண்டபம் வைத்தோ என்ன பயன்? எனவே முகப்பு கிட்டத்தட்டத் தட்டை. இரண்டு மாடி உயரத்துக்கும் ஒரே நீளமாக ஓடுகிற, சுவரில் லேசாக மட்டும் புடைத்த அரைத்தூண்கள், சன்னலுக்கு ஒன்றாக. நேரே நின்று பார்த்தால் சாதாரணம். ஆனால் தெருவோடு நடந்து போகிறபோது, பக்கவாட்டில் இருந்து பார்த்தால், அந்த அரைத்தூண்கள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி அடுக்கி, சுவர் முழுக்கத் தூணாலேயே ஆனதுபோல் ஒரு அலை எழும்புகிறது. நடப்பவனுக்காகக் கட்டின முகப்பு இது. மேலே கூரை விளிம்பில் சிலைகள், அதைப் பார்க்கக் கழுத்தை ஒடித்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் கண்மட்டத்தில் ஒரு வேலை செய்திருக்கிறார்கள். வாசலின் இரண்டு பக்கமும் புடைப்புச் சிற்பங்கள். ஒன்றில் ஹெர்குலிஸ் ராட்சதன் அன்டேயஸோடு மல்லுக்கட்டுகிறான். தரையில் கால் பட்டால்தான் அன்டேயஸுக்குப் பலம், எனவே ஹெர்குலிஸ் அவனை அப்படியே தூக்கி நெரிக்கிறான். இன்னொன்றில் எரிகிற ட்ராய் நகரத்திலிருந்து ஈனியாஸ் தன் கிழட்டு அப்பாவைச் சுமந்துகொண்டு வெளியேறுகிறான். ஹெர்குலிஸ் சரி, தளபதி வீட்டுக்குத் தளபதி மாதிரி ஒரு வீரன். எனக்கு ஈனியாஸ்தான் சுவாரசியம். பிறந்த ஊரை விட்டுவிட்டு இன்னொரு ஊருக்குப் போய் அங்கே பெரிய ஆளாகிறவன் கதை அது. பாரிஸை விட்டு வந்தவர் தன் வாசலில் அதை வைத்ததைத் தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை. தெருவில் போகிறவனுக்கு முகப்பு தெரியாவிட்டாலும் இந்த இரண்டு கதையும் கண்ணில் படாமல் இருக்காது.

நான் வாசலிலேயே கால்மணி நேரம் நின்றதால் நண்பன் பொறுமை இழந்து உள்ளே போய்விட்டான். இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தான். "டேய், உள்ள வாடா. படிக்கட்டைப் பாரு."

அந்தப் படிக்கட்டைப் பற்றி என்ன சொல்ல. வாசல் வழியாகக் குதிரை வண்டி அப்படியே கட்டடத்துக்குள் நுழையும், விருந்தாளி மழை படாமல் உள்ளேயே இறங்குவார், பக்கத்தில் திரும்பினால் படிக்கட்டு. கிடைத்த இடம் ஒரு பெரிய கிணறு அளவுதான். ஃபிஷர் அதில் ஒரு ஏற்றத்தை வைத்து, நடுவில் ஒரு மேடை, அங்கிருந்து இரண்டாகப் பிரித்து மேலே கொண்டுபோகிறார். மேல்பகுதியைத் தாங்குவது தூண்கள் இல்லை, ஆட்கள். தசை முறுக்கேறிய நான்கு கல் மனிதர்கள், ஜியோவானி ஜூலியானி செதுக்கியவை, தோளில் பாரம் ஏறி முகம் சுருங்கி, ஒவ்வொருவனும் வேறு வேறு மாதிரி வளைந்து நிற்கிறார்கள். கீழே கொஞ்சம் மங்கல், மேலே போகப் போக வெளிச்சம். தலைக்கு மேல் உத்தரத்தில் லூயி டோரினி வரைந்த அப்பொல்லோ சூரிய ரதத்தில் வருகிறான். அதாவது நீங்கள் இருட்டில் பாரம் சுமக்கிறவர்கள் நடுவிலிருந்து ஏறி, மாடத்தில் கதாயுதத்தோடு நிற்கிற ஹெர்குலிஸைத் தாண்டி, சூரியனுக்குப் போய்ச் சேர்கிறீர்கள். மொத்தம் எத்தனை படி என்று எண்ணினால் சிரிப்பு வரும், அவ்வளவு குறைவு. ஆனால் ஏறி முடிக்கிறபோது ஒரு மலை ஏறின களைப்பும் பெருமையும் வந்துவிடுகிறது.

அப்பொல்லோ விஷயத்தில் ஒரு குசும்பும் இருக்கிறது. சூரியனைத் தன் சின்னமாக வைத்துக்கொண்டு சூரிய ராஜா என்று பெயர் வாங்கியவர் பதினான்காம் லூயி. அவரால் விரட்டப்பட்டவர் வீட்டு உத்தரத்தில் சூரியன்.

மேல்மாடி அறைகள் ஒன்றுக்குள் ஒன்றாகப் போகின்றன, எல்லாக் கதவும் ஒரே நேர்கோட்டில். இது அழகுக்காக மட்டும் செய்தது இல்லை, அன்றைய அரசியலே இதில்தான் நடந்தது. வருகிறவருடைய தகுதியைப் பொறுத்து அவர் எந்த அறை வரைக்கும் போகலாம், வீட்டுக்காரர் எந்த அறை வரைக்கும் எதிர்கொண்டு வருவார் என்று கணக்கு உண்டு. முதல் அறையிலேயே நிற்க வைத்துத் திருப்பி அனுப்பினால் அதற்கு ஒரு அர்த்தம், உள்ளறை வரைக்கும் கூட்டிப்போனால் அதற்கு வேறு அர்த்தம். 1703இல் யூஜின் பேரரசின் போர்க் குழுத் தலைவர் ஆனார், ஒட்டோமான் தூதர்களோடு பேசுவதும் அந்தப் பொறுப்பில் சேர்ந்தது. 1711 ஏப்ரலில் துருக்கியத் தூதர் ஒருவரை இந்த வீட்டில்தான் வரவேற்றார். ஒரு அறையில் பரோசெல் வரைந்த பெரிய பெரிய போர் ஓவியங்கள், எல்லாம் யூஜின் ஜெயித்த போர்கள், 1697இல் டிஸா ஆற்றங்கரையில் சுல்தான் அக்கரையில் நின்று பார்க்கப் பார்க்க அவருடைய படையை அழித்த செண்டா போர் உட்பட. சின்ன அறை ஒன்று முழுக்கப் பொன்முலாம் பூசிய மரவேலை. அதில் அதிக நேரம் நிற்க என்னால் முடியவில்லை, நகைக்கடைக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

சரி, இரண்டாவது கலைஞர் கதைக்கு வருகிறேன். யோஹன் லூகாஸ் ஃபான் ஹில்டபிராண்ட். ஜெனோவாவில் பிறந்தவர், படையில் கோட்டைப் பொறியாளராக இருந்தவர், வட இத்தாலியப் போர்களில் யூஜினோடு சுற்றியவர். 1700க்குப் பிறகு இந்த வீட்டு வேலை ஃபிஷரிடமிருந்து ஹில்டபிராண்ட் கைக்குப் போய்விட்டது. பிற்பாடு பெல்வெடியரைக் கட்டியதும் இவர்தான். இரண்டு பேரும் அன்றைய வியன்னாவில் ஒருவர் வாய்ப்பை இன்னொருவர் தட்டிப்பறிக்கிற போட்டியாளர்கள். ரசனையும் வேறு வேறு: ஃபிஷர் ரோமானியக் கனம், ஹில்டபிராண்ட் நகை வேலை.

யூஜினுக்குப் பணமும் பதவியும் ஏற ஏற வீடும் வளர்ந்தது. பக்கத்து மனை ஒன்று கைக்கு வந்ததும் 1708 வாக்கில் ஒரு பக்கம் ஐந்து சன்னல் வரிசை சேர்த்தார்கள், ஏழு பன்னிரண்டு ஆனது. 1723-24இல் மறுபக்கம் இன்னொரு ஐந்து, மொத்தம் பதினேழு. இங்கேதான் ஹில்டபிராண்டை எனக்குப் பிடித்துப்போனது. போட்டியாளன் வகுத்த முகப்பு. தன் கைவரிசையைக் காட்ட அருமையான சந்தர்ப்பம். மனுஷன் அதைச் செய்யவில்லை. அதே அரைத்தூண், அதே சன்னல், வாசல்கூட அதே மாதிரி இன்னும் இரண்டு. பழசு எங்கே முடிகிறது புதுசு எங்கே ஆரம்பிக்கிறது என்று தேடிப்பார்த்தாலும் தெரியாது. இன்று தெருவில் நிற்கிறபோது ஒரே மூச்சில் கட்டினதுபோல் இருக்கிற அந்த நீளச் சுவர் உண்மையில் ஏறக்குறைய முப்பது வருடத்தில் தவணை தவணையாக முளைத்தது. தன் ரசனையை எல்லாம் உள்ளறைகளில் கொட்டித் தீர்த்துக்கொண்டார், முகப்பை விட்டுவைத்தார்.

யூஜின் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசிக் காலத்தில் மாலை நேரங்களில் சீமாட்டி பத்யானி வீட்டில் சீட்டாட்டம், அப்புறம் வீடு. 1736 ஏப்ரல் 20 அன்றும் அப்படித்தான் ஆடிவிட்டு வந்து படுத்தார், மறுநாள் காலை எழுப்பப் போனவர்கள் இறந்துகிடக்கக் கண்டார்கள். இந்த வீட்டில்தான். 72 வயது. உயில் எழுதவில்லை. சொத்து முழுக்க அவர் முகம்கூடப் பார்த்திராத அண்ணன் மகள் விக்டோரியாவுக்குப் போனது. அந்த அம்மாள் வந்தார், பார்த்தார், விற்றார். ஓவியங்கள் சார்டீனிய ராஜாவுக்கு, டூரினில் இருக்கின்றன. இந்த வீட்டை 1752இல் மரியா தெரேசா வாங்கினார். நாணயச்சாலை, சுரங்கத் துறை, பிறகு நிதி அமைச்சகம். சூரிய ரதத்துக்குக் கீழே கோப்புகளோடு குமாஸ்தாக்கள். ஒரு விதத்தில் அது நல்லதாகப் போயிற்று என்று எனக்குப் படுகிறது: அரசாங்க அலுவலகம் எதையும் மாற்றாது, மேசையைப் போட்டு உட்கார்ந்துகொள்ளும். வேறு பணக்காரன் வாங்கியிருந்தால் அடுத்த ஃபேஷன் வந்ததும் உத்தரத்தை இடித்திருப்பான்.

2007இல் அமைச்சகம் காலிசெய்ய, பெரிய சீரமைப்பு நடந்தது. 2013 அக்டோபரில், யூஜினின் 350ஆவது பிறந்தநாளையொட்டி, பெல்வெடியர் அருங்காட்சியகத்தின் கிளையாகத் திறந்தார்கள். நாங்கள் போனது அந்தக் கொஞ்ச காலத்தில். 2017இல் மூடிவிட்டார்கள், வீடு மறுபடி நிதி அமைச்சகத்திடமே போய்விட்டது. போன தடவை வியன்னா போனபோது வாசல் வரைக்கும் போனேன். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒருவர் கையில் காபிக் கோப்பையோடு ஹெர்குலிஸைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனார். எனக்குப் பொறாமையாக இருந்தது.

உள்ளே போக வழியில்லை என்பதால் அங்கிருந்து நடந்து தேசிய நூலகத்துக்குப் போனேன், பத்துப் பதினைந்து நிமிட நடைதான். யூஜினின் இந்த வீட்டில் சுமார் 15,000 புத்தகங்கள் இருந்தன. பாரிஸிலிருந்து புத்தகம் கட்டுகிற ஆளையே வரவழைத்து ஆட்டுத்தோலில் கட்டவைத்தார்: வரலாறும் இலக்கியமும் சிவப்பு, இறையியலும் சட்டமும் நீலம், இயற்கை அறிவியல் மஞ்சள். விக்டோரியா அதையும் விட்டுவைக்கவில்லை. 1738இல் பேரரசர் ஆறாம் சார்லஸிடம், வருடத்துக்கு 10,000 கில்டர் ஆயுள் முழுக்கத் தரவேண்டும் என்ற ஒப்பந்தத்தில் கொடுத்துவிட்டார். அவை நூலகப் பெருமண்டபத்தின் நடுவே, பெரிய குவிமாடத்துக்கு நேர் கீழே, சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகத் தனியாகத் தெரிகின்றன. அந்த மண்டபத்துக்குத் திட்டம் வரைந்தவர் ஃபிஷர் ஃபான் எர்லாக். 1723இல் அவர் இறந்துவிட, மகன் கட்டிமுடித்தார். கிடைத்த குறுகல் மனையில் படிக்கட்டு வரைந்துகொடுத்து, பாதியில் கைமாறிப்போன அதே ஃபிஷர். இங்கே அவருக்கு இடப்பஞ்சம் இல்லை. நான் சிவப்பு அலமாரிக்கு எதிரே பின்னால் போய்க்கொண்டே இருந்தேன், முதுகில் சுவர் இடிக்கவே இல்லை.